ஊவா மலைநாட்டில் குடும்பமும் மொழியும்

ஒருவன் கடல் கடந்து வேற்று நாட்டைச் சேர்ந்துவிட்டான் என்பதற்குக் கப்பற்சீட்டு சாட்சியாகும். ஆனால், அவன் அந்நாட்டில் குடியமர்ந்துவிட்டான் என்பதற்கு எது சாட்சி? முதன்முதலாக அடுப்பு மூட்டிய நாளைச் சொல்வதா? பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய நாளைச் சொல்வதா? அன்றி, அண்டை அயலாரோடு அவர்தம் மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகிய நாளைச் சொல்வதா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் ஏடுகளைப் புரட்டுவதோடு நின்றுவிடலாகாது. பதுளை, பசறை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை என்று நீண்டு செல்லும் ஊவா மலைத்தொடரின் வரலாற்றையும் நோக்க வேண்டும். அங்கே ஒரு மக்கட் கூட்டம் வேலைக்கென வந்து, குடும்பமாகி, பல தலைமுறை வாழ்ந்த பின்னரும், ‘நீ இந்நாட்டவனா?’ என்ற கேள்விக்கு எழுத்து மூலம் விடையளிக்குமாறு கேட்கப்பட்டது. அந்த எழுத்து எந்த மொழியில் இருந்தது, அதனைப் படிக்க அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பவையே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

ஊவா வெறுங்காடாகக் கிடந்த நிலமன்று. கண்டி இராச்சியத்தின் வளம் மிக்க பகுதிகளுள் ஒன்றாக விளங்கிய இம்மாகாணம், 1817-18இல் நடந்த ஊவா வெல்லசைக் கிளர்ச்சியின்போது பெரிதும் அழிவுக்குள்ளாயிற்று. வயல்கள் பாழாயின, ஊர்கள் எரிந்தன. பின்னர், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருதியது. அந்நிலங்கள் ஆங்கிலேயத் தோட்டக்காரர் கைக்குச் சென்றன. தம் சேனைக் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் இழந்த சிங்களக் கிராமத்தவர், அந்நிலத்திலேயே கூலிக்கு உழைக்க விரும்பவில்லை. ஆகவே தோட்டக்காரர் தென்னிந்தியாவை நோக்கினர். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் வரத்தொடங்கினர். பிற்காலத்தில் இரு சமூகங்களுக்கும் இடையே வளர்ந்த ஐயப்பாட்டின் விதை இங்கே ஊன்றப்பட்டது. நிலமிழந்தவன் ஒருபுறம்; நிலமே இல்லாதவன் மறுபுறம். இருவரையும் அந்நிலைக்குக் கொண்டுவந்த கை ஒன்றே என்பதை அவர்கள் ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொல்லப் பொதுமொழி இருக்கவில்லை.

முதலில் வந்தவர்கள் குடியேற வந்தவர்களல்லர். அது கோப்பிக் காலம். பழம் பறிக்கும் பருவத்தில் மிகுந்த ஆள்வேண்டும். பருவம் முடிந்தால் வேண்டியதில்லை. எனவே ஆடவர்களே பெரும்பாலும் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதைக் காடுகளூடே மாத்தளை வரை கால்நடையாக நடந்து, அங்கிருந்து மலையேறினர். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானோர் பல்லாயிரவர். உயிர் தப்பிச் சேர்ந்தவர்கள் சில மாதம் உழைத்து, கிடைத்ததை முடிந்துகொண்டு ஊர் திரும்பினர். இத்தகைய வாழ்விலே குடும்பம் என்பது கடலுக்கு அப்பால் இருந்தது. உள்ளூர் மொழியைக் கற்க வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. நாளை திரும்பிப் போகிறவனுக்கு அயல்வீட்டான் மொழி எதற்கு?

இந்நிலையை மாற்றியது ஒரு நோய். 1869ஆம் ஆண்டிலே ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சட் பொடி போன்ற ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. அதன் கேடு முதலில் எவருக்கும் விளங்கவில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் இலங்கையின் கோப்பித் தொழிலை அடியோடு வீழ்த்திவிட்டது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடங்கிவைத்த பயிர், மலைமேல் மலையாக ஏறிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு, பானத்தின் சுவையோடு முடிவதன்று. கோப்பி பருவப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஏழு நாட்களுக்கோ பத்து நாட்களுக்கோ ஒருமுறை அதே செடியில் மீண்டும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆதலால் ஊர் திரும்பாத தொழிலாளர் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். சில்லறை வேலைக்குச் சிறுவர் வேண்டும். சுருங்கச் சொன்னால், கோப்பி ஆளைக் கேட்டது. தேயிலை குடும்பத்தைக் கேட்டது. ஊவாவில் தமிழ்க் குடும்பம் தோன்றியதற்குக் காரணம் இதுவே.

பாதையும் இதற்கேற்ப மாறிற்று. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1893இல் புகையிரதம் அப்புத்தளையை அடைந்தது. மறு ஆண்டு பண்டாரவளையை எட்டியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை ஏற்பட்டு, இருகரைப் புகையிரதப் பாதைகளும் இணைந்தன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி வளைந்து தன் நிலையத்தின் அடியிலேயே செல்லும் அதிசயமும் அமைந்தது. 1924இல் வண்டி பதுளையை அடைந்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய், மண்டபம் முகாமில் நோய்த்தடைக் காவலை முடித்துக்கொண்டு, காட்டுவழி நடவாமலே பதுளை வந்து சேரும் காலம் பிறந்தது.

வந்து சேர்ந்த குடும்பத்திற்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறை, முன்னே குறுகிய திண்ணை, மேலே தகரம், இருபுறமும், சில லயங்களிற் பின்புறமும், அடுத்த குடும்பத்தின் சுவர். அந்த ஒற்றை அறையே அடுக்களை, படுக்கை, பிரசவ அறை, மணவறை அனைத்துமாயிற்று. விடியுமுன் தப்பொலி கேட்டுப் பிரட்டுக் களத்திற்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஒப்படைத்துவிட்டுத் தாய் மலையேற வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்த பின்னரே அடுப்பு. ஊரிலே ‘சம்பாதிப்பவர்’ என்பது ஆடவரைக் குறித்த சொல். தோட்டத்திலோ பெண்ணும் செக்குரோலில் தன் பெயர் பதிந்த தொழிலாளியானாள். எனினும் கூலி சமமாக இல்லை. 1927ஆம் ஆண்டின் சட்டத்தின்படி வகுக்கப்பட்டு, 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி, உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஆண், பெண் கூலி சமமாவதற்கு 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இக்குடும்பங்களைக் கட்டிவைத்தவர் கங்காணி. அவர் தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து வந்தார். ஆதலால் ஒரே லயத்தில் ஒரே ஊரார், ஒரே உறவினர் சேர்ந்து வாழ நேர்ந்தது. மாமன், மைத்துனன், பெரியம்மா, சின்னம்மா என்னும் முறைகள் கடல் கடந்தும் அறுந்துபோகாமைக்கு இஃது ஒரு காரணம். ஆனால் அதே கங்காணி வழிச்செலவைக் கடனாக எழுதியவரும் ஆவார். ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் குடும்பத்தின் கடன் தொகை எழுதப்பட்டு, அக்கடனோடு சேர்த்து ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுகாறும் குடும்பம் உறவுக்கு அரணாக இருந்தது போலவே, கடனுக்குப் பிணையாகவும் இருந்தது.

இனி மொழியைப் பற்றி நோக்குவோம். வேற்று நாட்டில் குடியேறுவோர் தம்மை ஆள்வோரின் மொழியைக் கற்றுக்கொள்வதே உலக வழக்கு. தோட்டத்திலோ இது தலைகீழாக நடந்தது. துரைமார் தமிழ் கற்றனர்! புதிதாகக் கப்பலிறங்கிய சின்னத்துரைக்குத் தமிழ் தெரியாவிட்டால் வேலை நடவாது. அவர்களுக்கெனக் கைந்நூல்கள் அச்சிடப்பட்டன. பெர்குசன் என்பார் வெளியிட்ட நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். வெல்ஸ் என்பவர் 1915இல் வெளியிட்ட நூலுக்குக் ‘கூலித் தமிழ்’ என்று பெயர். இந்நூற்பெயர்களே அவர்கள் கற்ற தமிழின் இயல்பைக் காட்டிவிடுகின்றன. தமிழில் ‘வா’ என்பதும் ‘வாருங்கள்’ என்பதும் ஒன்றல்ல. வயதுக்கும் உறவுக்கும் மதிப்புக்கும் ஏற்ப வினைமுற்றே மாறும் மொழி இது. துரை கற்ற தமிழில் மரியாதைப் பன்மைக்கு இடமிருக்கவில்லை. ஏவல் வினைகளே மலிந்திருந்தன. அறுபது வயதுப் பாட்டியையும் ஆறு வயதுச் சிறுவனையும் ஒரே ‘வா’, ‘போ’, ‘செய்’ அழைத்தது. மொழியைக் கற்பது வேறு. அம்மொழி பேசுவோரை மதிக்கக் கற்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

துரை தமிழ் கற்றதனால் மற்றொரு விளைவும் ஏற்பட்டது. கங்காணி தமிழர், கணக்கப்பிள்ளை தமிழ் பேசுவார், கோயிற் பூசாரி தமிழர், துரையும் தமிழில் ஏவுகிறார். ஆகவே தோட்டத்து எல்லைக்குள் பிறந்து வளர்ந்து முதிர்ந்து மறைந்த ஒருவருக்கு வேறெந்த மொழியும் தேவைப்படவில்லை. தோட்டம் ஒரு தமிழ்த் தீவாயிற்று. அதனால் தமிழ் பிழைத்தது. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் மாரியம்மன் திருவிழாவும் ஊவாக் குளிரில் உயிரோடிருந்தன. ஆனால் அத்தீவைச் சுற்றியிருந்த நாட்டின் மொழி அவர்களைத் தீண்டாமல் நின்றது. அரண் என்று தோன்றியதே பின்னர் வேலியும் ஆயிற்று.

எனினும் மக்கள் வேலிக்குள் முற்றும் அடங்குவதில்லை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறைச் சந்தைகளில் கூடிய கூட்டத்தில் மொழிகள் கலந்தன. மரக்கறி விற்கவந்த சிங்களக் கிராமத்துப் பெண்ணும், கூடையோடு வந்த தோட்டத்துப் பெண்ணும் எண்ணையும் விலையையும் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர். இடையே தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் இருமொழியும் அறிந்து பாலமாக நின்றனர். தோட்டத் தமிழில் ‘மாத்தையா’ என்ற மரியாதைச் சொல் நுழைந்தது. விகாரை ‘பன்சலை’ ஆயிற்று. கொழுந்து நிறுக்கும் கொட்டகை, சிங்கள ‘மடுவ’ என்பதோடு உறவுடைய ‘மடுவம்’ என்னும் பெயரைப் பெற்றது. மறுபுறம், சிங்களத்தில் ‘கடே’, ‘சல்லி’, ‘அக்கா’, ‘தொட்டில’, ‘உருமய’ என்று வழங்கும் சொற்கள், கடை, சல்லி, அக்கா, தொட்டில், உரிமை என்னும் தமிழ்ச் சொற்களின் உடன்பிறப்புகளே. இவற்றுட் பல, தேயிலைக் காலத்திற்கு மிகவும் முற்பட்ட உறவின் அடையாளங்கள். தொட்டிலுக்கும் உரிமைக்கும் இரு மொழியிலும் ஒரே சொல் வழங்குவது சிந்திக்கத்தக்கது.

ஊவா மாகாணத்திலேயே அமைந்த கதிர்காமமும் ஒரு மொழிப் பள்ளியாக விளங்கிற்று. ஆடி விழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் ஒரே பாதையில் நடந்தனர். தமிழர் ‘அரோகரா’ என்றனர். சிங்களவர் ‘ஹரோ ஹரா’ என்றனர். கந்தன் என்றாலும் கதரகம தெய்யோ என்றாலும் வேண்டுதல் ஒன்றாகவே இருந்தது. மழை பெய்ய வேண்டும், பிள்ளை நோய் தீர வேண்டும் என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை அன்றோ?

இவ்வாறு தோட்டத்து மக்கள் கற்ற சிங்களம் செவிவழிச் சிங்களம். சந்தைக்கும் பேருந்துக்கும் வழிபாட்டுக்கும் அது போதும். ஆனால் செவியால் கற்ற மொழி கடிதாசியைப் படிக்க உதவாது. மொழியறிவின் இரு படிகளுக்கும் இடையே பெரும்பள்ளம் இருந்தது. அப்பள்ளத்தை நிரப்பியிருக்க வேண்டியது பாடசாலை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கான கல்வி மிகவும் பிந்தியே வந்தது. கங்காணியோ சிறிது எழுத்தறிந்தவரோ லயத்துத் திண்ணையில் மாலையில் நடத்திய வகுப்புகளும், கிறித்துவ மிசனரிமார் நிறுவிய சில பள்ளிகளும் தொடக்கமாக அமைந்தன. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்துச் சிறுவர்க்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. சட்டம் வந்ததெனினும், பெரும்பாலான இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற நிலையே நீடித்தது. பத்து வயது நிறையுமுன்னரே பல பிள்ளைகளின் கைக்குக் கொழுந்துக் கூடையோ மண்வெட்டியோ வந்துவிட்டது. அப்பள்ளிகள் தாய்மொழி எழுத்தைக் கற்பித்தன. அதுவே பெரும் நன்மை. ஆனால் ஆட்சி நடந்த ஆங்கிலத்தையோ, அயலவர் பேசிய சிங்களத்தையோ எழுதவும் படிக்கவும் அவை கற்பிக்கவில்லை. இக்குறையின் விலை என்ன என்பது 1948க்குப் பின்னரே புலனாயிற்று.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும் தோட்டத் தொழிலாளர் பலர் வாக்காளராயினர். அதே ஆண்டிலே கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர்க்குரிய தொழிற்சங்கத்தை நிறுவினார். அவர்தம் மனைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டந்தோறும் பாட்டுப் பாடி உரிமையுணர்வை ஊட்டினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு ஏழு தொகுதிகளில் வென்றது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா தெரிவு செய்யப்பட்டார். வாக்குச் சீட்டிலே தம் அடையாளத்தை இட்ட பதுளைத் தோட்டத்து மக்கள், தாமும் இந்நாட்டின் குடிகளே என்று நம்பியதில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டிலேயே அந்நம்பிக்கை தகர்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த தோட்டங்களில் அச்சான்று எங்கிருந்து கிடைக்கும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழி திறந்தது. அச்சட்டத்தில் ஒரு விதி குடும்பத்தைத் தொட்டது. 1946 சனவரி முதல் நாளுக்கு முன்னர், திருமணமாகாதவர் பத்தாண்டும், திருமணமானவர் ஏழாண்டும் இடைவிடாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது அவ்விதி. அதாவது, குடும்பத்தோடு வாழ்பவனே இம்மண்ணில் வேரூன்றியவன் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்ததும் உண்டு. ஒரே தடவையில் ஓராண்டுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் ‘இடைவிடாத வசிப்பு’ முறிந்துவிடும். தாயின் நோய்க்கென ஊர் சென்றவரும், பிள்ளைப்பேற்றுக்கெனத் தாய்வீடு சென்ற பெண்ணும், பாட்டனின் காணி வழக்கிற்கெனச் சென்றவரும் இவ்விதியில் அகப்பட்டுக்கொண்டனர். குடும்பப் பாசமே குடியுரிமைக்கு எதிரான சாட்சியமாக மாறியது!

விண்ணப்பப் படிவத்தின் மொழி என்ன? அன்றைய ஆட்சிமொழி ஆங்கிலம். செக்குரோலும் ஆங்கிலம்; பதுளைக் கச்சேரியிலிருந்து வரும் கடிதமும் ஆங்கிலம். லயத்துக் காம்பராவில் அதனைப் படிக்க வல்லார் ஒருவரும் இலர். யாரோ எழுதிக்கொடுத்த விடையின்கீழ் பெருவிரல் அடையாளம் இட்டனர். ஊரின் பெயரில் ஒரெழுத்து மாறினாலும், வயதில் ஓராண்டு பிசகினாலும், விசாரணையில் அது குறையாயிற்று. முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்குமாறு தலைவர்கள் சொன்னமையால் காலமும் வீணாயிற்று. 1951 ஆகத்து மாதம் காலக்கெடு முடிந்தபோது, ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் அடங்கியோர் 8,25,000 பேரளவினர். அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலத்தில் வந்த கடிதங்கள் சிங்களத்தில் வரலாயின. செவிவழிச் சிங்களம் அறிந்த தொழிலாளிக்கு அக்கடிதத்திலுள்ள எழுத்து, முன்பு வந்த ஆங்கில எழுத்தைப் போலவே ஊமையாயிருந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்று வகுக்கப்பட்டது. எஞ்சியோரை இரு நாடுகளும் 75,000 வீதம் பகிர்ந்துகொள்ள 1974இல் இணங்கின. மக்களைக் கேளாமலே மக்கள் பங்கிடப்பட்டனர். இலங்கையிலேயே இருக்க விரும்பி விண்ணப்பித்தோர் தொகை, ஒதுக்கப்பட்ட தொகையைவிட மிக அதிகமாயிருந்தது. ஒரே காம்பராவில் வாழ்ந்த பெற்றோர்க்கு இந்தியக் கடவுச்சீட்டும், மணமான மகளுக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த குடும்பங்கள் பல. பதுளை நிலையத்தில் இரவு வண்டி புறப்படும் வேளையில் எழுந்த அழுகுரலால் அவ்வண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்ற பெயர் மலைநாட்டில் வழங்கலாயிற்று.

தாயகம் திரும்பியவர்கள் உண்மையில் மீண்டும் ஓர் அயல்நாட்டுக்கே சென்றனர். நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறியவர்கள் ‘சிலோன்காரர்’ ஆயினர். அவர்கள் பேச்சிலிருந்த ‘கோச்சி’யும் ‘காம்பரா’வும் அங்குள்ள தமிழருக்கே புதியனவாயிருந்தன. கருநாடகத்தின் புத்தூர், சுள்ளியப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் கன்னடமும் துளுவும் கேட்கும் ஊரிலே வாழ்வைத் தொடங்கினர். ஆந்திரத்திலும் கேரளத்திலும் குடியேறியவர்களும் உளர். சிங்களத்தைச் செவியாற் கற்ற தலைமுறையின் பிள்ளைகள், இப்போது கன்னட எழுத்தைப் பள்ளியிற் கற்றனர். 1977, 1983 ஆண்டுகளின் கலவரங்கள் பலரை மேலும் விரட்டின. 1983இல் பதுளை நகரும் தீக்கிரையாயிற்று. 1984இல் போர்ச்சூழலால் கப்பற் சேவை நின்றது. கப்பலை எதிர்பார்த்திருந்தோர் இருந்த இடத்திலேயே தங்கினர்.

இவ்விடத்தில் உலகின் வேறொரு மூலையை ஒப்புநோக்குவது பயன் தரும். வடக்கு ஐரோப்பாவின் சுவீடன் நாடும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளரை வரவழைத்தது. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்திற்கு அடுத்த ஆண்டாகிய 1965இல், குடியேறியோர்க்கு அரசின் செலவிலே சுவீடிய மொழி கற்பிக்கும் வகுப்புகள் அங்கே தொடங்கப்பட்டன. 1972இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வேலை நேரத்திலேயே, கூலி குறையாமல் 240 மணி நேரம் மொழி பயிலும் உரிமையைக் குடியேறிய தொழிலாளிக்கு அளித்தது. 1977 முதல், குடியேறியோரின் பிள்ளைகள் பள்ளியிலே தம் தாய்மொழியைப் பயில்வதற்கும் வழி செய்யப்பட்டது. பிற்காலத்தில் இலங்கையிலிருந்து அங்கே சென்ற தமிழரும் இவ்வழியைப் பயன்படுத்தினர். பனிநாட்டில் ஒரு தமிழ்த் தாய் சுவீடியம் படிக்கிறாள். அவள் பிள்ளை தமிழ் படிக்கிறது. அங்கே குடியேறுவது எளிது என்பது பொருளன்று. தனிமையும் நெடிய இருளும் வேலைத் தேட்டமும் அங்கும் உண்டு. ஆனால், ‘இந்நாட்டு மொழியை உனக்குக் கற்பிப்பது எமது கடமை, உன் மொழியை உன் பிள்ளை மறவாதிருப்பதும் எமக்கு நன்மை’ என்ற இரண்டு எண்ணங்களை அந்நாட்டுச் சட்டம் ஏற்றது. ஊவாத் தோட்டங்களுக்கு நூறாண்டுகளாகக் கிடைக்காதவை அவ்விரண்டு எண்ணங்களே.

அதே சுவீடன், 1980களின் நடுப்பகுதியிலிருந்து ‘சீடா’ என்னும் தன் உதவி நிறுவனத்தின் வாயிலாக இலங்கைத் தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்தத் துணைசெய்தது. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்ற அப்பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் கிடைக்கத் தொடங்கினர். தோட்டத்திலேயே பிறந்த இளைஞரும் யுவதியரும் ஆசிரியராகித் தம் லயத்துப் பிள்ளைகளுக்கே கற்பித்தமை இம்மாற்றத்தின் சிறப்பாகும்.

சட்டமும் மெல்லத் திருந்தியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை நீக்கின. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2007இல் வெளியான ஒரு சுற்றறிக்கை, அரச சேவையிற் சேர்வோர் மற்ற ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதித்தது. துரை ‘இங்கே வா’ என்று தமிழ் கற்ற காலம் போய், அரச அலுவலர் ‘வாருங்கள், உட்காருங்கள்’ என்று தமிழ் கற்கவேண்டிய காலம் சட்டத்தில் வந்துவிட்டது. நடைமுறையோ இன்னும் சட்டத்தின் பின்னால் மூச்சிரைத்து நடக்கிறது. தமிழில் எழுதிய கடிதத்திற்குச் சிங்களத்தில் விடை வருவதும், பொலிசு நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுத ஆளில்லாமையும் இன்றும் கேட்கப்படும் குறைகளே.

2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பதுளை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் மலையகத் தமிழர். அவர்கள் பிள்ளைகள் இன்று பாடசாலையில் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கின்றனர். சிங்களப் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பாடநூல் உண்டு. இது முழுமை பெறுமாயின், செவிக்கும் ஏட்டுக்கும் இடையே இருந்த பழைய பள்ளம் நிரம்பும். சிலர், பிறமொழி கற்றால் தாய்மொழி தேயும் என்று அஞ்சுவர். ஊவாவின் வரலாறு அவ்வச்சத்திற்கு இடந்தரவில்லை. எழுத்துமணமே அறியாத லயங்களில் ஒன்றரை நூற்றாண்டு உயிர்த்திருந்த தமிழ், ஒரு பாடநூலால் அழியப்போவதில்லை. மாறாக, அயலவர் மொழியின் எழுத்தை அறியாமையாலேயே அம்மக்கள் வீட்டையும் வாக்கையும் உறவையும் இழந்தனர்.

குடியமர்ந்ததற்கு எது சாட்சி என்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். அடுப்பும் தொட்டிலும் குடும்பத்தின் கையில் உள்ளவை. ஊவா மக்கள் அவற்றை என்றோ நிறைவேற்றிவிட்டனர். தன் பெயர் எழுதிய கடிதாசியைத் தானே படித்து, தன் கையாலேயே ஒப்பமிடும் ஆற்றல், நாடும் குடும்பமும் சேர்ந்து அளிக்கவேண்டியது. பெருவிரல் மை உலர்ந்து, அவ்விடத்தில் எழுத்து அமரும் நாளே குடியேற்றம் நிறைவுறும் நாளாகும்.